அம்மாவின் எண்ணெய்களும் அப்பாவின் மூக்கும்

கார்த்தி,

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசியது என் காதிலும் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் கைவேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் அதே மேசையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். திவ்யா திரும்ப வேலைக்குப் போகப் போகிறாள், பாப்பாவை உடனே டேகேரில் விட மனசு வரவில்லை, அதனால் கோடை முழுக்க லிவர்மோரில் உங்கள் வீட்டுக்கு வந்து இருக்க முடியுமா என்று கேட்டாய். அம்மா, "ரெண்டு பேருந்தானே சாமி?" என்றாள். நீ கொஞ்சம் தயங்கினாய். அப்புறம், "அப்பாவுக்கு இங்க போர் அடிக்கும்மா. நான் காலைல மலை தாண்டி டிரைவ் பண்ணி ஆபீஸ் போனா ஈவ்னிங்தான் வருவேன். யூ கம் ஃபர்ஸ்ட். அப்பா லேட்டரா வரட்டும்" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவரைக்காயைப் பார்த்தேன்.

எனக்கு அங்கே போர் அடிக்காது என்று உனக்கும் தெரியும். போன கோடையில் நம் ஹாலில் நடந்ததுதான் காரணம். அன்றிலிருந்து பாப்பாவை என்னிடம் தனியாக விடுவதில்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ எடுத்த முடிவு தப்பு என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும், மீதியைத் தெரிந்துகொண்டு முடிவு செய் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று நீ சொல்வதற்குள் இங்கே ரவுண்ட் ராக்கில் அடிக்கும் வெயிலைப் பற்றிப் பேசத்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. புரியாத சொல் வந்தால் திவ்யாவைக் கேட்டுக்கொள். முதலில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் அம்மா மேல் பொறாமை. இன்று நேற்று வந்த பொறாமை இல்லை இது. நீ இடுப்பில் உட்காரும் வயதிலிருந்தே உண்டு.

நாம் இர்விங் அப்பார்ட்மெண்டில் இருந்தது உனக்கு நினைவிருக்காது. நான் ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் உன் நாளில் முக்கால்வாசி முடிந்திருக்கும். நீ நடந்தது, விழுந்தது, புதுசாக ஒரு வார்த்தை சொன்னது எல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் உன் நெஞ்சில் விக்ஸ் தடவ வந்தேன். நீ என் கையைத் தள்ளிவிட்டு, "நோ, அம்மா டூ இட்" என்று அழுதாய். அதே விக்ஸ், அதே டப்பா. என் கையில் என்ன குறைச்சல் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். ஆனால் எனக்கென்று ஒன்று இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் உன்னைத் தூக்கி உச்சியை முகர்ந்து பார்ப்பேன். வேர்வையும் பேபி ஷாம்பூவும் கிரேயான் மெழுகும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். அன்று பகல் முழுக்க நீ என்ன செய்தாய் என்று அந்த வாசத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிடும். மீதியை அம்மா சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவேன்.

அப்புறம் ரவுண்ட் ராக் வந்தோம், வீடு வாங்கினோம். இந்தத் தெருவில் நம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தபோது எல்லோரும் என்னைத்தான் தேடி வந்தார்கள். எந்தக் கார் வாங்கலாம், கிரீன் கார்டுக்கு எந்த வக்கீல், ஸ்ப்ரிங்க்ளர் ஏன் ஓடவில்லை, எல்லாவற்றுக்கும் அங்கிள்தான். அது எனக்குப் பிடித்திருந்தது. உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் ரிட்டயர் ஆன சமயத்தில் அவளோடு லைப்ரரியில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, தலைவலிக்கு என்று ஒரு சின்ன பாட்டில் லாவெண்டர் எண்ணெய் கொடுத்தாள். அதில் ஆரம்பித்தது. பிறகு புகை விடும் அந்த டிஃப்யூசர் வந்தது. பிறகு எலுமிச்சை, ரோஸ்மேரி, புதினா, சந்தனம், யூகலிப்டஸ். என் டூல்ஸ் வைத்திருந்த அலமாரியில் மேல் தட்டு பறிபோனது, அடுத்து நடுத்தட்டு. இப்போது என் ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாம் கராஜில் கிடக்கின்றன.

குளிர்காலத்தில் இந்த ஊர் சீடர் மரத்து மகரந்தம் படுத்தும் பாடு உனக்குத் தெரியும். தெருவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும். அந்தச் சமயத்தில் உன் அம்மாதான் ராணி. ஆவி பிடிக்க எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்று கேட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை, மாமியாருக்கு மூட்டுவலி, ஆபீசில் டென்ஷன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அவள் விற்கவில்லை. "எனக்குக் கீழே ஏஜெண்டாச் சேர்ந்து நீங்களும் விற்கலாமே" என்று எண்ணெய்க் கம்பெனி அம்மணி ஒருத்தி தேன் ஒழுகப் பேசியதற்கு, டீ கொடுத்து வழியனுப்பிவிட்டாள். கூடவே எல்லோரிடமும், "இது மருந்து இல்லீங்க, மனசுக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான். முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று கறாராகச் சொல்வாள். அப்படிச் சொன்னதாலேயே இன்னும் கூட்டம் கூடியது. என்னிடம் ஸ்ப்ரிங்க்ளர் கேட்டவன் இப்போது வாசலில் நின்று, "ஹாய் அங்கிள், ஆன்ட்டி இருக்காங்களா?" என்கிறான். நான் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் டிவி பார்க்கிறேன். தைல டாக்டர் என்று நான் கிண்டல் செய்தபோதெல்லாம் நீ சிரித்தாய். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்பதை இப்போது புரிந்துகொண்டிருப்பாய்.

உனக்குத் தெரியாத பாதிக்கு வருகிறேன். கொரோனா வந்து நாங்கள் இருவரும் படுத்தோம் இல்லையா, அப்போது இரண்டு பேருக்குமே வாசனை போய்விட்டது. அம்மாவுக்கு சீக்கிரமே திரும்பி வந்தது. காபி வாசம் வருது என்று சமையலறையில் குதித்தாள். எனக்கும் வந்துவிட்டது என்று நானும் சொன்னேன். வரவில்லை, கார்த்தி. இன்றுவரை வரவில்லை. ரசம் எனக்குப் புளித்த வெந்நீர்தான். சாப்பாட்டில் உப்பும் உறைப்பும் தெரியும், மற்றபடி எதை மெல்கிறேன் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வாசனைக்கென்றே ஒரு டாக்டர் இருக்கும் வீட்டில் மூக்கு போய்விட்டது என்று சொன்னால், நானும் அவள் வாசலில் நிற்கும் ஆட்களில் ஒருவனாகிவிடுவேன். அது பிடிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அவளுக்கு ஒரு புது உலகம் திறந்த அதே நேரத்தில் எனக்கு அந்தக் கதவு சாத்திக்கொண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டிலை முகர்ந்து முகம் மலர்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். "ஏனுங்க, இது எப்படி இருக்குதுங்க?" என்று மூடியை என் மூக்கருகில் நீட்டுவாள். எலுமிச்சை என்றால் ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது என்பேன். சந்தனம் என்றால் கோயில் மாதிரி இருக்கிறது என்பேன். லேபிளைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

இப்படியே காலம் தள்ளியிருப்பேன். பாப்பா பிறந்தாள். நீங்கள் லிவர்மோருக்கு மாறுவதற்கு முன்னால் அது, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தீர்கள். அம்மா வாங்கி மடியில் போட்டுக்கொண்டு குனிந்து உச்சியை முகர்ந்தாள். "அடி என் தங்கமே, என்ன வாசம்!" என்றாள். திவ்யா முகர்ந்தாள். நீ முகர்ந்தாய். பார்க்க வந்தவர்கள்கூட, கையைக் கழுவிக்கொண்டு வந்து முகர்ந்துவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. குனிந்தேன். மண்டை வெதுவெதுப்பாக இருந்தது. முடி மூக்கில் குறுகுறுத்தது. அவ்வளவுதான். இன்னொரு முறை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "நல்லா வாசமா இருக்காளா தாத்தாவுக்கு?" என்று திவ்யா கேட்டாள். "ம், உன்னை மாதிரியே" என்று ஏதோ உளறினேன். எல்லோரும் சிரித்தீர்கள். அந்த நிமிஷம் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவர் மேலும் எனக்குப் பொறாமை. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரன் மேல்கூட. அவன் யார், என் பேத்தியின் வாசத்தை எனக்கு முன்னால் தெரிந்துகொள்ள?

பாப்பா அம்மாவிடம் மட்டும் சட்டென்று தூங்கிப்போவாள். சாயங்காலம் ஹாலில் அம்மா கொஞ்ச நேரம் லாவெண்டர் போடுவாள், சொட்டுக் கணக்கில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. பாப்பா இருக்கும் அறைக்குள் எதுவும் கூடாது என்பது அவள் சட்டம். குழந்தை தூங்குவது அந்த எண்ணெயால்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அது நடந்த அன்று மதியம் அம்மாவும் திவ்யாவும் கடைக்குப் போயிருந்தார்கள். நீ மாடியில் மீட்டிங்கில் இருந்தாய். பாப்பா சிணுங்கினாள். சரி, நாமும் அதே வித்தையைச் செய்து பார்ப்போம் என்று டிஃப்யூசரை எடுத்தேன். நம் ஊரில் எண்ணெய் என்றால் உள்ளங்கை நிறைய ஊற்றித்தான் பழக்கம். சொட்டுச் சொட்டாக விட எனக்குக் கை வரவில்லை. ஆனால் விஷயம் அதுவும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். கொஞ்சம் ஊற்றினேன், புகை வந்தது, முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஊற்றினால் எனக்கும் தெரியுமோ என்று தோன்றியது. ஊற்றினேன். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் புகை முன்னாலேயே நின்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். குழந்தையைத் தூங்கவைக்க ஆரம்பித்தவன், அதை மறந்து என் மூக்கோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஏசிக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அவள் இருமியது கேட்டது. எச்சில் புரையேறிவிட்டது என்று நினைத்து முதுகைத் தட்டினேன்.

நீ படியில் இறங்கி ஓடிவந்தது நினைவிருக்கிறதா? "அப்பா! வாட் ஆர் யூ டூயிங்? மேல வரைக்கும் அடிக்குது, காண்ட் யூ ஸ்மெல் இட்?" என்று கத்தினாய். அவள் கண் சிவந்திருப்பதை அப்போதுதான் நான் பார்த்தேன். என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் மர நிழலுக்குப் போனாய். டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தாய், நல்ல காற்றில் வைத்துப் பாருங்கள் என்றார்கள், கொஞ்ச நேரத்தில் அவள் சரியாகிவிட்டாள். நீ கேட்ட கேள்விக்கு, இல்லைடா, எனக்கு வாசனை தெரியாது என்று ஒரே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். "பாப்பா தூங்கட்டும்னு போட்டேன்" என்று முணுமுணுத்தேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். மறுநாளிலிருந்து நான் கையை நீட்டினால் திவ்யா, "மாமா, நீங்க ரெஸ்ட் எடுங்களேன், நான் பாத்துக்கறேன்" என்பாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

உன் அம்மாவை ஏமாற்ற முடியுமா? அந்த வாரமே, நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து கட்டிப் பெருங்காயத்தை என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அசையாமல் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் வந்து டிவியை அணைத்தாள். "எத்தன நாளாங்க இப்படி?" என்றாள். கொரோனாவிலிருந்து என்றேன். "நான் காட்டுனதுக்கெல்லாம் நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னு தலையாட்டுனீங்களே, அதெல்லாம் பொய்யுங்களா? எங்கிட்டச் சொல்லோணும்னு ஒரு நாள்கூடத் தோணலீங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். பாப்பாவுக்கு ஒன்று ஆகியிருந்தால் என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அதைக் கேட்கவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அவளுக்குப் பிடிக்காமல்தான் ஒத்துக்கொண்டாள். பிறகு என்னை ஒரு மூக்கு டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் பரிசோதித்துவிட்டு, வரலாம், வராமலும் போகலாம், பயிற்சி செய்து பாருங்கள் என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய்களைத் தினமும் முகர வேண்டுமாம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அம்மா, "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. உலகத்தில் எத்தனையோ வைத்தியம் இருக்க, எனக்கு வாய்த்தது இவள் அலமாரியில்தானா?

காலையில் காபி குடித்ததும் இப்போது எனக்கு அம்மாவிடம் வகுப்பு. பாட்டிலை மூக்கருகில் பிடித்துக்கொண்டு, "சும்மா மோந்தாப் பத்தாதுங்க. அந்த வாசத்தை மனசுல நினைச்சுக்கிட்டே மோந்து பாருங்க" என்பாள். எலுமிச்சையை நினைக்க முடிகிறது. கிராம்பையும் ரோஜாவையும் நினைக்க முடிகிறது. போன வாரம் கிராம்பில் ஏதோ டயர் எரிகிற மாதிரி ஒன்று வந்து போனது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். நல்ல அறிகுறியாம். அந்தச் சந்தோஷத்தில் நானே கண்ணை மூடிக்கொண்டு பாப்பாவின் உச்சி வாசத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். உன் தலையின் வாசம் வந்தது, கிரேயான் மெழுகோடு. அவளுடையது வரவில்லை. ஒருமுறையாவது முகர்ந்திருந்தால்தானே நினைத்துக்கொள்ள முடியும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. கிராம்பு எண்ணெய் காட்டம் என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தேன்.

அப்பா கடிதம் எழுதினால் புத்திமதி இல்லாமல் முடிப்பாரா என்று நினைப்பாய். இரண்டே வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். உன் உடம்பில் ஒன்று குறைந்துபோனால் முதல் நாளே திவ்யாவிடம் சொல்லிவிடு. மறைத்தால் குறையோடு பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, பாப்பா திவ்யாவிடம் தாவும்போது உனக்குச் சுருக்கென்று இருக்கும். நாளை டேகேரில் இருக்கிற பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உன்னிடம் வர மறுப்பாள். அப்போது அவளைக் கவர்வதற்கு எந்த வித்தையும் செய்யாதே. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு. எனக்கு இது தெரிந்தும் செய்ய வரவில்லை, உனக்காவது வரட்டும்.

அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். பாட்டில்களை எல்லாம் சுற்றிச் சுற்றி வைக்கிறாள். நேற்று அவளிடம் கேட்டேன், "பாப்பா தலை எப்படித்தான் வாசம் அடிக்கும்? சொல்லேன்" என்று. அத்தனை பாட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்கிறவள், வெகுநேரம் யோசித்துவிட்டு, "சொல்லத் தெரியலீங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அவளுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறதே என்று. அந்தச் சந்தோஷம் காபி ஆறுவதற்குள் போய்விட்டது.

என்னையும் வரச் சொல், கார்த்தி. பாப்பாவை என்னிடம் தனியாக விட வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். நீ ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றியதும் அவளைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார். நீ முகர்ந்து பார், அப்புறம் நான் முகர்கிறேன். அன்றைக்கு அவள் தலையில் என்னென்ன வாசம் அடிக்கிறது என்று எனக்குச் சொல். பாலோ, வேர்வையோ, மண்ணோ, தோன்றுவதை இங்கிலீஷிலேயே சொல், நான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்பா